நான் எடுத்துக் கொடுத்த வார்த்தை

“…அப்ப அந்த வார்த்தைய அந்த மனுசன் வாயில எடுத்து வச்சது நீதானா தம்பி?” என்றார் வேம்பு அக்கா.

அம்பகரத்தூரில், அவருடைய மகன் சாகுபடி செய்கிற வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். சேற்றுக்குள் நடவு இயந்திரம் ஒன்று தடதடவென்று போய் வந்துகொண்டிருந்தது. முப்பது வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒரு ரகசியத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். சொன்னதும் எங்கேயாவது மரம் இருந்தால் அதன் பின்னால் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். நட்டநடு வயலில் மரம் ஏது? அக்கா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பது இருக்கட்டும். அந்த வார்த்தை என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் தருமபுரத்தில் என் வீட்டில் பீரோவை நகர்த்தி வெள்ளையடித்தோம். பீரோவுக்கு அடியில் ஒரு நீள நோட்டு கிடந்தது. தூசி தட்டிப் பிரித்தால், குப்பென்று கார்பன் தாள் வாசம். கார்பன் தாளுக்கு ஒரு வாசம் உண்டு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் அரசாங்கம். அந்த வாசம் ஏறியதும் நான் மறுபடி இருபத்து மூன்று வயதுத் தட்டச்சர் ஆகிவிட்டேன். காரைக்காலில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், வயலும் தண்ணீரும் சம்பந்தப்பட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி எப்போதும் நீலமாக இருக்கும். சாப்பிடும்போது சோறும் லேசாக நீலமாகும்.

எங்கள் ஊரில் மூன்று மொழிக்கும் தனித்தனி வேலை. பழைய பத்திரங்களுக்கும் பென்ஷன் வாங்குகிற பெரியவர்களின் பெருமைக்கும் பிரெஞ்சு. உத்தியோக உயர்வுக்கு இங்கிலீஷ். வாழ்வதற்குத் தமிழ். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் உயர்வின் மேல் ஆசை. பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கில அகராதியை எடைக்கு வாங்கினேன். முதல் எழுத்தின் பக்கங்களில் பாதியைக் காணோம். ஆகவே ஆப்பிள் என்றால் என்ன என்பதை நான் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அகராதி பார்த்து அல்ல.

மிச்சமிருந்த பக்கங்களிலிருந்து தினம் ஒரு சொல்லை நோட்டில் எழுதுவேன். ஒரு பக்கத்தில் ‘ஸ்டர்’ என்று தலைப்பு. கரண்டியால் கலக்குவது, அசைவது, மனதில் உணர்ச்சியைக் கிளப்புவது என்று மூன்று அர்த்தம். அதன் கீழே அதே உணர்ச்சி சம்பந்தமான சொந்தக்காரச் சொற்களை அடுக்கியிருந்தேன்: மூவ், டச், எக்ஸைட், ரவுஸ், ஈவோக், ப்ரொவோக், இன்சைட், இன்ஸ்டிகேட். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே தமிழ்ச் சொல், ‘தூண்டு’. எட்டுப் பேருக்கும் ஒரே சட்டை. கடைசிச் சொல்லின் கீழே மட்டும் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. நீளமான சொல்லுக்கு எடை அதிகம், எடை அதிகமான சொல்லுக்கு மதிப்பும் அதிகம் என்பது அப்போது என் சித்தாந்தம்.

எங்கள் அலுவலகத் தெருவுக்குக் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற ஓர் அம்மா உண்டு. ஒருநாள் என் மேலதிகாரியின் சமையல்காரர் ‘எல்லாம் மீன்தானே’ என்று ஏதோ பேரம் பேசப்போக, “எல்லாம் மீனுதான்யா. நெத்திலிக்கு வைக்கிற கொழம்ப சொறாவுக்கு வச்சுப் பாரேன், ஒன்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சிரித்தேன். என் நோட்டுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை. புத்தி சிலருக்குக் கூடையில் வந்தாலும் அவர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள்.

இனி வேம்பு அக்கா. அம்பகரத்தூர்ப் பால்வாடியில் தற்காலிக ஆயாவாக இருந்தார். காலையில் இருபது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக் கஞ்சி ஊட்டுவார். நடவு நாட்களில் லீவு சொல்லிவிட்டு வயலில் இறங்குவார். நடவு ஆட்களில் முதல் ஆள் அவர்தான். அவர் கை போகிற வேகத்துக்குத்தான் மற்ற பதினாலு கைகளும் போகும். ஆயா வேலையை நிரந்தரமாக்குகிற பட்டியலில் அந்த வருஷம் அவர் பெயர் இருந்தது. கணவர் பாம்பு கடித்து இறந்து நாலு வருஷம், இரண்டு பிள்ளைகள். பட்டியலில் பெயர் நிற்பதும் அடுப்பு எரிவதும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த நடவின்போது எங்கள் அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த மூன்றாம் நாளே வயலைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். நானும் குடையும் கோப்பும் கூடப் போனோம். ஜீப்பை ரோட்டில் நிறுத்தியதும் அவர் பளபளக்கிற ஷூவோடு வரப்பில் இறங்கி வேகமாக நடந்துவிட்டார். நான் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நடவு நடக்கிற வயலுக்குப் பெரிய மனிதரோ புது ஆளோ வந்தால் சும்மா விடமாட்டார்கள். முடி என்று நாங்கள் சொல்கிற, ஒரு பிடி அளவு நாற்றுக் கட்டை எடுத்து அவர் காலடியில் வைத்துக் குலவை போடுவார்கள். வந்தவர் அதைத் தாண்டக் கூடாது. கையில் இருக்கிற எதையாவது கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வெற்றிலை பாக்கும் போதும், தோளில் கிடக்கிற துண்டும் போதும். கொடுப்பது பெரிதல்ல. ‘உங்களை ஓர் ஆளாக மதித்தோம்’ என்பதுதான் அதன் அர்த்தம். வேண்டாதவர் வந்தால் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்கள்.

“ஏய் பொம்பளைவோளா, புது மனுசன் வந்திருக்காரு, முடி வைக்காம அனுப்புனா நம்ம ஊருக்கு அசிங்கம்டி!” என்று வேம்பு அக்கா குரல் கொடுத்தது எனக்கு ரோட்டிலேயே கேட்டது.

அதிகாரிக்கும் கேட்டது. ஆனால் அவருக்கு அது வெறும் கூச்சல். அடுத்த நொடி முழங்கால் வரை சேறும் கையில் நாற்றுமாகப் பதினைந்து பெண்கள் நாலு பக்கமும் கரையேறினார்கள். காலடியில் சொத்தென்று ஒரு முடி விழுந்தது. பதினைந்து நாக்குகள் ஒன்றாகக் குலவையிட்டன. கேட்டுப் பழகாதவனுக்கு அந்தச் சத்தம் முதுகுத் தண்டில் ஏறும். முற்றுகை என்று நினைத்தார் மனிதர். பின்வாங்கினார். வரப்பு வழுக்கியது. ஒரு கால் சேற்றுக்குள் முழங்கால் வரை போயிற்று. கால் வந்தது, ஷூ வரவில்லை. பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. ஒற்றை ஷூவோடு அவர் ஜீப்புக்குத் திரும்பி நடந்ததை இப்போது நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கே அறிக்கை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வேம்பு அக்காவின் பெயரையும் பால்வாடி வேலையையும் டிரைவரிடம் கேட்டு வாங்கியிருந்தார். “இந்தப் பெண் மற்ற பெண்களை…” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சொல் கிடைக்காமல் விரலால் காற்றைக் கிண்டினார். அந்த விரலை நான் பார்த்தேன். நோட்டின் சிவப்பு இரட்டைக் கோடு கண்முன் வந்தது.

“இன்ஸ்டிகேட், சார்.”

என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு, “வெரி குட்!” என்றார். இதோ பாருங்கள், அது வழக்கம்தான் சார், மரியாதைதான் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. பத்தாவது படித்தவனின் ஆங்கிலச் சொல் அரசாங்கத் தாளில் ஏறப்போகிறது என்ற கிறுகிறுப்பில் வாய் அடைத்துவிட்டது. மூன்று பிரதி எடுத்தேன். சாயங்காலம் எனக்கு நானே விருந்தாக ஒரு டீக்கு இரண்டு போண்டா சாப்பிட்டேன். அந்தப் போண்டா இன்னும் செரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேம்பு அக்கா அலுவலக வாசலில் நின்றார். கையில் ஒரு மெமோ. அறிக்கை அவருடைய துறைக்குப் போய், அங்கே யாரோ தமிழாக்கி, ‘பெண்களைக் கலகத்துக்குத் தூண்டிவிட்ட காரணத்துக்காக ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது’ என்று கேட்டிருந்தார்கள். பட்டியல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

“அன்னைக்கு நீங்களும் கூட வந்தீங்களே தம்பி. படிச்சுச் சொல்லுங்க.”

படித்துச் சொன்னேன். தூண்டிவிட்டது என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கியது எனக்கே தெரிந்தது.

அக்கா அழவில்லை. கோபமும் படவில்லை. ஒரு கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி யோசித்தார். “வெளக்கத் தூண்டுனா வெளிச்சம் வரும். அடுப்பக் கிளறுனா கங்கு வரும். தூங்குற புள்ளைய எழுப்புனா அழுவும். கொளவிக்கூட்டக் கலைச்சா கொட்டும். இதுல நான் எதப் பண்ணுனேன் தம்பி? வந்த மனுசனுக்கு முடி வச்சேன். மரியாத பண்ணுனத போயி கலவரம்னு எழுதியிருக்காவோளே, அவ்வளவு படிச்சவங்களுக்கு ஒரு வார்த்த கெடைக்கலையா?”

‘கிடைத்த வார்த்தைதான் பிரச்சினை, அக்கா’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. கெட்ட காரியத்துக்கு ஏவிவிடுவதைக் குறிக்கிற அந்தச் சொல்லையும் சேர்த்து எட்டுக்கும் ஒரே சட்டை தைத்தவன் நான். அவரோ பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி, ஒரே மூச்சில் நாலு சொல்லுக்கும் நாலு பொருளை எடுத்து வைத்துவிட்டார். என் நோட்டை அன்றைக்கே ஆற்றில் விட்டிருக்கலாம், தண்ணீரும் வந்திருந்தது.

பதில் மனு நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். பழக்க தோஷம், நாலைந்து பெரிய சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்தன. வாசித்துக் காட்டியதும் அக்கா தலையை ஆட்டினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அல்வாவ எழுதிக் காட்டுனா இனிக்குமா தம்பி? விசாரணைக்கி யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்க, அத மட்டும் சொல்லுங்க.”

விசாரணைக்குப் புதுச்சேரியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெரிய பதவி. பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், வயல் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில்தான் விசாரணை. வாசல் படியில் அவரை வரவேற்க எங்கள் அதிகாரி நின்றார். பின்னால் நான், கோப்போடு. காரிலிருந்து அந்த அம்மாள் இறங்கி இரண்டடி வைத்தார்.

அம்பகரத்தூர் பஸ்ஸில் வந்து மரத்தடியில் காத்திருந்த பதினைந்து பெண்களும் எழுந்தார்கள். எல்லாரும் குளித்து, சலவைச் சேலை கட்டி, பூ வைத்திருந்தார்கள். வேம்பு அக்கா ஈரச் சாக்கிலிருந்து ஒரு நாற்று முடியை எடுத்தார். காலையில்தான் பறித்தது, வேரில் சேறு காயவில்லை. நேராகப் போய் அந்த அம்மாளின் காலடியில் வைத்தார்.

குலவை. வயலில் கேட்டால் அது காற்றோடு போய்விடும். கட்டட வாசலில் கேட்டால் வேறு மாதிரி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைகளிலிருந்து தலைகள் எழுந்தன. எங்கள் அதிகாரி இரண்டு படி மேலே ஏறிவிட்டார், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

“என்னம்மா இது?” என்றார் அந்த அம்மாள்.

“இதாம்மா நாங்க அன்னைக்குப் பண்ணுன குத்தம்” என்றார் வேம்பு அக்கா. “புதுசா வந்தவங்களுக்கு எங்க ஊரு மரியாத. தாண்டக் கூடாது. கையில உள்ளது ஏதாச்சும் குடுத்துட்டுப் போங்க. குடுக்க மனசில்லன்னா அதையும் சொல்லிடுங்க, நாங்களே எடுத்துடுறோம். நாங்க யாரையும் மறிக்க வரல.”

அந்த அம்மாள் சிரித்தார். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி வேம்பு அக்காவின் கையில் கொடுத்தார். மறுபடி குலவை, இந்த முறை இரண்டு மடங்கு.

எங்கள் அதிகாரி என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான். அகராதியில் தேடாத சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னேன். இது மரியாதை சார். உங்களுக்கும் அன்றைக்கு இதைத்தான் செய்தார்கள். நீங்கள் ஏதாவது கொடுத்திருந்தால் வழி விட்டிருப்பார்கள்.

அவர் முகம் சிவந்தது. படியிறங்கினார். சட்டைப்பையைத் தடவி, இருந்த ஒரே பொருளான பேனாவை எடுத்து நீட்டினார். வேம்பு அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “சார்கிட்ட சொல்லுங்க தம்பி, ஒத்த சூவு எங்ககிட்டதான் இருக்கு, கழுவி வச்சிருக்கோம், ஆள அனுப்பட்டும்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் என்னை அழைத்து அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சொன்னார். நடுவில் நிறுத்தி, இதற்கு என்ன சொல் போடலாம் என்று மறுபடி என்னைக் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். நானாகத் தெரியாது என்று சொன்ன முதல் ஆங்கிலச் சொல் அது. அவரே சொன்னார்: ‘அவர்கள் என்னை வரவேற்றார்கள். எனக்குத் தெரியவில்லை.’ இரண்டே வாக்கியம். மனிதனை நெகிழவைப்பதற்குப் பக்கம் பக்கமாகச் சொல் தேடியவன் நான். அந்த இரண்டு வாக்கியத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை, நெகிழ்ந்துபோனேன்.

வேம்பு அக்கா நிரந்தரமானார். ஓய்வு பெறும்வரை அந்தப் பேனாவால்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மை தீர்ந்தால் பஸ் ஏறி வந்து என்னிடம் நிரப்பிக்கொண்டு போவார். இதை நான் எங்கே உட்கார்ந்தாலும் சொல்வேன். வெளியூர்க்காரர்கள் காரைக்கால் என்றதும் என்னென்னவோ கேட்பார்கள். எங்கள் ஊரில் பதினைந்து பெண்கள் ஒரு நாற்று முடியை வைத்து அரசாங்கத்துக்கே மரியாதை சொல்லிக் கொடுத்தார்கள் என்பேன். நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தக் கதையில் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்த ஆள் மட்டும் வரமாட்டான். ‘அதிகாரி எழுதினார்’ என்று தாண்டிவிடுவேன்.

ஒன்றை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. மனு எழுதிக் கொடுத்த தம்பி என்று அந்த ஊரில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. நடவு நேரத்தில் அந்தப் பக்கம் போனால் பெண்கள் நாற்றுக்குக் குனிவார்கள். எனக்கு முடி வைக்கத்தான். குனியும்போதே நான் பக்கத்து வரப்புக்குத் தாவி நடையைக் கட்டிவிடுவேன். அந்த மரியாதைக்கு நான் ஆள் இல்லை என்பது எனக்கல்லவா தெரியும். “அந்தா வரப்புத் தாண்டி ஓடுறாரு பாரு!” என்று பின்னால் சிரிப்பு கேட்கும். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பீரோவுக்கு அடியில் கிடந்த நோட்டைப் பிரித்தபோது அந்த இரட்டைக் கோடு சிவப்பு குறையாமல் இருந்தது. நேற்று அதைப் பையில் போட்டுக்கொண்டு அம்பகரத்தூர் பஸ் ஏறினேன்.

இப்போது அங்கே நடவுக்கு ஆள் கிடையாது. பாயாக வளர்த்த நாற்றை இயந்திரத்தின் தட்டில் வைக்கிறார்கள், அது வரிசை பிசகாமல் குத்திக்கொண்டே போகிறது. குறை சொல்லவில்லை. அந்தப் பெண்களின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் பேத்திகள் ஸ்கூட்டியில் காலேஜுக்குப் போகிறார்கள், அதற்காகத்தானே குனிந்தார்கள்? ஆனால் முடி கட்டுகிற கை இல்லை. புது ஆள் வந்தால் நிமிர்ந்து பார்க்கிற முகம் இல்லை. இயந்திரம் ஓட்டுகிறவர் சேலம் பக்கத்துக்காரர். நான் வரப்பில் நடந்தபோது ஹாரன் அடித்தார். அவ்வளவுதான் வரவேற்பு. அந்தப் பதினைந்து பேரில் இருப்பது நாலு பேர், நடமாடுவது வேம்பு அக்கா ஒருவர்தான்.

அவரிடம்தான் நோட்டைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விரல் காற்றைக் கிண்டியது, நான் சொல் எடுத்துக் கொடுத்தது, போண்டா, எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துத்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நான்தான் அக்கா” என்றேன்.

அக்கா என்னைத் தாண்டி வரப்பு மூலைக்குப் போனார். அங்கே இயந்திரத்துக்காக அடுக்கியிருந்த நாற்றுப் பாயில் ஒரு பிடியைப் பிய்த்தார். முடி கட்ட வைக்கோல் இல்லை. இங்கும் அங்கும் பார்த்துவிட்டுத் தன் சேலைத் தலைப்பின் ஓரத்தில் தொங்கிய நூலை அறுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். திரும்பி வந்தார். இந்த முறை நான் பக்கத்து வரப்பைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அந்த முடியை என் காலடியில் வைத்தார். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து, மறுகையை வாயருகே கொண்டுபோய், இயந்திரச் சத்தத்துக்கு மேலே, தனியாகக் குலவையிட்டார்.